லைட்டர் பத்து ரூபாய், தீப்பெட்டி இரண்டு ரூபாய்
(ஆனைக்குட்டத்தில் நடந்த இளைஞர் – வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மாறிவரும் உலகச் சூழலில் பொருளாதாரக் கொள்கையின் சவால்கள்' என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நிற்க வேண்டிய இடம் இது. விருதுநகர் பஜாரில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்த பொருளாதாரம் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே வரும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் இந்த லைட்டரை வாங்கினேன். விலை பத்து ரூபாய். இது என் கையில் தீரும் வரைக்கும் நான் இருபது தீப்பெட்டி வாங்கமாட்டேன். இன்றைக்குத் தீப்பெட்டி இரண்டு ரூபாய். இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய். ஆக, இந்த லைட்டரை வாங்கியதில் எனக்கு முப்பது ரூபாய் மிச்சம். வாங்கியவன் மீது குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. அடுப்புப் பற்ற வைக்கும் தாய்மாரிடம் போய், நாட்டின் தொழில் வாழ வேண்டும், நீங்கள் முப்பது ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் அந்த இருபது பெட்டியும் எங்கே செய்யப்பட்டிருக்கும்? சிவகாசியில், சாத்தூரில், கோவில்பட்டியில், கழுகுமலையில். செய்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

சிந்தித்துப் பாருங்கள். உலகமயமாக்கல் என்று நாம் மேடையில் முழங்குகிற பெரிய வார்த்தை, பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் உருவத்தில் நம் கடை வாசலில் தொங்குகிறது. தொங்கவிட்டதும் நாம்தான். என் கடையிலும் வருடக்கணக்கில் தொங்கியது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம், எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு அம்மா சாமான் வாங்க வந்தார். வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். தொங்கிய லைட்டர் அட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "பாய், இது இம்புட்டு விக்குதே, இனி எங்களுக்குப் பெட்டி குடுப்பாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் பருப்பை நிறுத்துப் போட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இன்று உங்கள் முன் நிற்கும் அளவுக்கு நாலு விஷயம் தெரிந்துகொண்டேன்.

தீப்பெட்டி பிறந்ததே ஒரு வரியால்தான்

இந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் ஏன் வந்தன என்றால், வெயில் அதிகம், மழை குறைவு, விவசாயம் கை கொடுக்கவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெயில் மட்டும் காரணம் என்றால் ராமநாதபுரம் முழுவதும் தீப்பெட்டி ஆலையாக இருந்திருக்க வேண்டும்.

மறுபாதி ஒரு வரி. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பற்றிய தீக்குச்சியில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-இல் வெள்ளைக்கார அரசு ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதித் தீர்வை விதித்தது. கணக்குப் போட்டால் பெட்டிக்கு இரண்டு தம்பிடி. நம்மை வாழ வைக்கப் போட்ட வரி அல்ல அது. அவர்கள் கஜானா காலி, அதை நிரப்பப் போட்டார்கள். ஆனால் அந்த இரண்டு தம்பிடி நிழலில்தான் உள்நாட்டுத் தீப்பெட்டி வேர் பிடித்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியது அந்தக் காலகட்டத்தில்தான். ஊரை விட்டு இரண்டு இளைஞர்கள் கிளம்பியதும், டில்லியில் ஒரு தீர்வை ஏறியதும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று மட்டும் நடந்திருந்தால் இந்த வட்டாரத்தின் கதையே வேறு.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. வரிச்சுவர் எழும்பியதும் சுவீடன்காரர்கள் திரும்பிப் போய்விடவில்லை. சுவருக்கு உள்ளேயே வந்து 1923-இல் விம்கோ கம்பெனியைத் தொடங்கினார்கள். எந்திரத்தில் குச்சி செய்தார்கள். அந்த எந்திரத்திற்கு எதிரே நம் கைத்தொழில் நிற்க முடிந்ததற்குக் காரணம், பின்னாளில் கலால் வரியில் சிறிய ஆலைகளுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை விகிதம். கொள்கை என்பது டில்லியில் யாரோ எழுதும் காகிதம் என்று நினைக்கிறோம். இந்த மாவட்டத்தில் மூன்று தலைமுறை அந்தக் காகிதத்தின் மேல்தான் சோறு தின்றது.

பிறகு காகிதம் மாறியது. 1991 ஜூலையை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் லண்டனில் அடகுக்குப் போனது. அதே மாதத் தொடக்கத்தில், மூன்று நாளுக்குள் இரண்டு தடவை ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 24-ஆம் தேதி மன்மோகன் சிங் பட்ஜெட் படித்தார். 1995 ஜனவரி முதல் தேதி உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அன்று டங்கல் திட்டம், காட் ஒப்பந்தம் என்று நாம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். ஆனால் நம் கடைக்கு உண்மையில் வந்து சேர்ந்த தேதி 2001 ஏப்ரல் 1. அன்றுதான் எஞ்சியிருந்த 715 பொருட்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்குப் பிறகுதான் பொம்மையும் பேனாவும் பூட்டும் பேட்டரியும் சீனாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தன. அதை எதிர்த்து நாம் ஒரு கூட்டமும் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. சரக்கு மலிவாக இருந்ததே!

பதினான்கு வருடம் ஒரு ரூபாய்

லைட்டருக்குத் திரும்புகிறேன். தீப்பெட்டி ஏன் தோற்கிறது என்பதை ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். 2007-இல் ஐம்பது பைசா தீப்பெட்டி ஒரு ரூபாய் ஆனது. அடுத்த விலையேற்றம் 2021 டிசம்பர் 1. இடையில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தில் ஏறாத விலை எது? ஆனாலும் தீப்பெட்டிக்கு ஏற்ற முடியவில்லை. காரணம், அதன் விலை நாணயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிசிக்கு ஐம்பது பைசா ஏற்றலாம், பருப்புக்கு ஒன்றே கால் ரூபாய் ஏற்றலாம். தீப்பெட்டிக்குப் பத்துப் பைசா ஏற்ற நாட்டில் பத்துப் பைசா கிடையாது. ஏற்றினால் இரட்டிப்பாகத்தான் ஏற்ற வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து எத்தனை பேருக்குத் தெரியுமோ, எங்கள் பஜாரில் மூடை தூக்குகிறவருக்குத் தெரியும்.

தீப்பெட்டிக்குப் பதினான்கு வகை மூலப்பொருள் வேண்டும். 2021-இல் கிலோ 425 ரூபாயாக இருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆனது. மெழுகு 58-லிருந்து 80. வெளிப்பெட்டி அட்டை 36-லிருந்து 55, உள்பெட்டி அட்டை 32-லிருந்து 58. அட்டை ஏன் ஏறியது? கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்கக் காகிதத்திற்கும் கப்பல் கண்டெய்னருக்கும் தட்டுப்பாடு. மெழுகு ஏன் ஏறியது? அது கச்சா எண்ணெயின் பிள்ளை. 600 பெட்டி கொண்ட பண்டல் முன்னூறு ரூபாய்க்குள் விற்றது, நானூறைத் தாண்டினால்தான் கட்டும் என்று உற்பத்தியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். ஐந்து சங்கங்கள் கூடிப் பேசி, குச்சியை ஐம்பதாகக் கூட்டி, விலையை இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் உக்ரைனில் போர். மறுபடியும் மூலப்பொருள் விலை ஏறி, 2022 ஏப்ரலில் ஆலைகள் சில நாள் மூடிக் கிடந்தன.

இவ்வளவு பாட்டையும் பட்டுப் பெட்டி இரண்டு ரூபாய்க்கு வந்து நிற்கும்போது எதிரே பத்து ரூபாய் லைட்டர் நிற்கிறது. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. நல்ல செய்தி என்று இனிப்புக் கொடுத்தார்கள். வியாபாரி சும்மா இருப்பானா? முழு லைட்டருக்குத்தானே தடை, உதிரிபாகத்திற்கு இல்லையே! பாகம் பாகமாக இறக்கி, இங்கே பூட்டி, பழைய விலைக்கே விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. இடையில் போனது பதினைந்து மாதம். சட்டம் மாட்டுவண்டியில் போகிறது, சரக்கு லாரியில் போகிறது.

இந்தச் சரக்கைக் கொண்டுவந்தவர்கள், பிரித்துக் கொடுத்தவர்கள், சில்லறைக்கு விற்றவர்கள் பட்டியலை எடுத்தால், எல்லாச் சமூகத்தாரும் இருப்பார்கள், நம்மவர்களும் தாராளமாக இருப்பார்கள். சென்னையின் வெளிநாட்டுச் சாமான் கடைவீதிகளை யார் வளர்த்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதில் பெருமையும் உண்டு. பெருமையோடு சேர்த்துக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

பட்டாசு: தீபாவளிக்குப் பதினான்கு நாள்

பட்டாசு விஷயம் இன்னும் சிக்கலானது. இங்கே உள்ளவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பட்டறையில் இருப்பார். அதனால் எச்சரிக்கையாகவே பேசுகிறேன்.

2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்புக் கூடாது. சரவெடி கூடாது. பசுமைப் பட்டாசு மட்டும் செய்யலாம். இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை வெடிக்கலாம். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6. நடுவில் பதினான்கு நாள்! வருடம் முழுக்கச் செய்து அடுக்கிய சரக்கு குடோனில் இருக்கிறது. பசுமைப் பட்டாசு என்றால் என்னவென்று செய்கிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது, பிடிக்க வரும் போலீஸ்காரருக்கும் தெரியாது. நவம்பரில் ஆலைகளை மூடினார்கள், மார்ச்சில்தான் திறந்தார்கள். நான்கு மாதம் இந்த வட்டாரத்துக் கடைகளில் எழுதப்பட்ட கடன் நோட்டுகளைப் பார்த்தவன் நான். பால், பிஸ்கட், நோட்டுப் புத்தகம், எல்லாம் கடன்.

'நீரி' ஆய்வு நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு முறைப்படி அறிமுகமானது எப்போது? 2019 அக்டோபரில். தீர்ப்பு வந்து ஒரு வருடம் கழித்து! அதுவும் என்ன? புகைத்துகளைக் குறைந்தது முப்பது விழுக்காடு குறைக்கும் கலவை. மாற்று வழி கையில் கிடைக்கும் முன்பே பழைய வழியை அடைத்துவிட்டார்கள் என்பதே என் ஆட்சேபணை. டில்லிக் குழந்தையின் நுரையீரலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நகரத்தில் நவம்பர் மாதம் ஒரு வாரம் தங்கியிருக்கிறேன், கண் எரிச்சலை அனுபவித்தேன். அந்தப் புகையில் வாகனமும் இருக்கிறது, வயல் எரிப்பும் இருக்கிறது, கட்டடத் தூசியும் இருக்கிறது, பட்டாசும் இருக்கிறது. ஆனால் நான்கில் எதைத் தடுப்பது சுலபம்? எவருடைய ஓட்டு அங்கே இல்லையோ அவருடையதை! 2025 அக்டோபரில் அதே நீதிமன்றம் டில்லி வட்டாரத்தில் சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்தது. அப்போதும் தீபாவளிக்கு ஒரு வாரம் கூட இல்லை. சரக்கு ஏற்றுகிறவன் எதை நம்பி ஏற்றுவான்?

இதே கதையை நம் சமூகம் வேறோர் ஊரில் பார்த்திருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு. 1989-இன் இறுதியில் ஜெர்மனி, தோலைப் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் போடும் பிசிபி என்ற மருந்துக்குத் தடை போட்டது. அனுப்பிய சரக்குத் திரும்பி வந்தது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அசோ சாயங்களுக்குத் தடை. 1996 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலை நடக்கக் கூடாது என்றது. அன்று எத்தனை பேர் சொன்னார்கள், இது முஸ்லிம்களின் தொழிலை ஒழிக்கும் சதி என்று! நானும் அப்படிப் பேசியவன்தான்.

நடந்தது என்ன? சிலர் அழுதுகொண்டே மூடினார்கள். சிலர் ஒன்று சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்குப் பணம் போட்டார்கள். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் போய் நின்று மாற்று மருந்து கற்றார்கள். அப்படிக் கற்றவர்கள் இன்று ஐரோப்பாவுக்குக் காலணி அனுப்புகிறார்கள். நோட்டீஸை வாங்கி மடித்து வைத்தவர்களின் ஆலைக் கூரையில் அரசமரம் முளைத்திருக்கிறது. ஆனால் பாலாறு பிழைத்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அந்த மக்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தொழிலும் நம்முடையது, கெட்டுப்போன கிணறும் நம்முடையது. சதி என்று சொல்லிவிட்டால் இந்த இரண்டாவது கணக்கு மறைந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990-களில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் பிடித்துப் போட்டபோது, ஊரே கொதித்தது, நம்மை அழிக்க வந்துவிட்டார்கள் என்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போன வேன்களை இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வேன்கள் நின்றதால் இந்தத் தொழில் அழிந்துவிட்டதா? அந்த வேன்கள் திரும்பி வர வேண்டும் என்று இன்று கேட்க எவருக்காவது தைரியம் உண்டா? ஆகவே வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு எல்லாமே பகை என்று பேசுவதை நான் விட்டுவிட்டேன். எது வந்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதன் செலவு யார் தலையில் விழுகிறது? மாறிக்கொள்ள எத்தனை நாள் கொடுத்தார்கள்?

பில் இல்லாத பெட்டி

இனி கசப்பான பகுதி. 2018-க்குப் பிறகு ஒரு தீபாவளிக்கு நான் கடையில் பட்டாசு போட்டேன். ஒரு ஏஜெண்டு வந்தார். பெயர் வேண்டாம். பாதி விலைக்குச் சரக்கு, பில் கிடையாது என்றார். ஆசைப்பட்டேன். பிரித்துப் பார்த்தால் அடியில் சரவெடி. விற்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை, வீட்டில் வைக்கவும் பயம். பணம் போனது கூடப் பெரிதில்லை. அந்தப் பெட்டியை யார், எங்கே உட்கார்ந்து, எந்த நிலையில் செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பாதி விலை எங்கிருந்து வருகிறது தெரியுமா உங்களுக்கு? உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது விதி. ஆலையை அறை அறையாக லீசுக்கு விட்டால் அந்த அறையில் நான்கு பேர் இருப்பதில்லை. அறைக்குள் இடமில்லாதபோது மரத்தடியில் மருந்து செலுத்துகிறார்கள். டிஆர்ஓ லைசென்ஸில் ஃபேன்சி ரகம் செய்கிறார்கள். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், பீஸ் ரேட்டுக்கு, அவசரம் அவசரமாக. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது உயிர். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். இருபதுக்கும் மேல். இரண்டுக்கும் நடுவிலும் பின்னாலும் எத்தனையோ. முதலிப்பட்டியில் செத்தவர்களில் உதவி செய்ய ஓடிப்போன அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு. பில் இல்லாத பெட்டியை வாங்குகிற வியாபாரி, தெரிந்தோ தெரியாமலோ அந்த மரத்தடிக்கு முதலீடு போடுகிறான். நான் போட்டேன்.

சீனப் பட்டாசும் இதே வகைதான். நம் நாட்டில் கந்தகத்தோடு பொட்டாசியம் குளோரேட் கலந்து வெடி செய்வது 1992 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கலவை உரசினாலே பிடித்துக்கொள்ளும். இங்கே தடைசெய்த மருந்து, மலிவு என்பதற்காக, அங்கிருந்து பெட்டிக்குள் ஒளிந்து வருகிறது. 2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்த கண்டெய்னர்களில் மேல் அடுக்கில் பசை பீய்ச்சும் துப்பாக்கி, உள்ளே சீனப் பட்டாசு. யாரோ ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுக்காமல் கண்டெய்னர் கடலில் கிளம்புவதில்லை.

ஆனைக்குட்டத்து இளைஞர்களுக்கு

உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் விருதுநகரில் எங்களுக்கு முதலில் நினைவு வருவது அர்ச்சுனா நதி அணையும், அதிலிருந்து வரும் குடிதண்ணீரும். வெடிபொருள் துறைக்காரர்களிடம் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். அந்தத் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருப்பது உங்கள் ஆனைக்குட்டத்தில். தலைமையகம் நாக்பூரில், ஆராய்ச்சிக் கூடம் உங்கள் வயலுக்குப் பக்கத்தில்! வேலிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிறார்கள், இந்தப் பக்கம் நீங்கள் மருந்து செலுத்துகிறீர்கள். வேதியியல் படித்து வேலிக்கு அந்தப் பக்கம் போக எத்தனை பிள்ளைகள் முயன்றிருக்கிறார்கள்? ஐரோப்பாவுக்குப் பட்டாசு போக வேண்டுமானால் அவர்கள் முத்திரை வேண்டும், அதற்குப் பரிசோதனை வேண்டும், பரிசோதனைக்குப் படித்த ஆள் வேண்டும். சீனாவின் லியூயாங் நகரம் உலகத்துக்கே வாணவேடிக்கை விற்கிறது. நாம் நம் நாட்டுத் தீபாவளி ஒன்றையே நம்பி வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் நான்கு மாதம் அடுப்பு எரிவதில்லை. இதுதான் 2018 காட்டியது.

வெளிநாடு போய்விடலாம் என்பீர்கள். நம் பிள்ளைகளின் பழைய மருந்து அது. சவூதியில் 2011-இல் நிதாகத் வந்தது, 2017-இல் குடும்பத்தாருக்குத் தலைவரி வந்தது, 2020-இல் மதிப்புக்கூட்டு வரி ஐந்திலிருந்து பதினைந்து விழுக்காடு ஆனது. அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வேலை கேட்கிறார்கள், நியாயம்தான். அங்கேயும் இனி கைத்தொழில் தெரிந்தவனுக்கும் படித்தவனுக்கும்தான் இடம்.

பக்கத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஜவுளிப் பூங்கா என்று 2023-இல் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். ஆனால் ஜவுளியும் பாதுகாப்பான தீவு அல்ல. 2025-இல் அமெரிக்கா நம் சரக்குக்குப் போட்ட வரியை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் 26 விழுக்காடு என்று அறிவிப்பு, பிறகு நிறுத்திவைப்பு, ஆகஸ்ட் 7-இல் 25, இருபது நாள் கழித்து 50. திருப்பூரில் தைத்து மடித்து வைத்த சட்டையும் ஆம்பூரில் பெட்டியில் போட்ட செருப்பும் அப்படியே நின்றன. வரியை விட மோசம், நாளைக்கு எவ்வளவு என்று தெரியாமல் இருப்பது. ஐம்பது என்று நிலையாகச் சொன்னாலாவது வியாபாரி வேறு சந்தை தேடுவான்.

ஒரே வாடிக்கையாளரை நம்பாதே என்று எங்கள் அத்தா கடையில் உட்கார வைத்த முதல் நாளே சொன்னார். பெரிய வீட்டுக் கணக்கு ஒன்று வந்தது என்று நான் துள்ளியபோது, அந்த வீட்டில் கல்யாணம் நின்றால் உன் கடையும் நிற்கும் என்றார். நாட்டுக்கும் ஊருக்கும் அதே கணக்கு.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகர் வந்தபோது, பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஐந்து கோடி ரூபாய் நிதி அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அது எந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் வேலையை இந்த இளைஞர்கள் செய்யலாம். எந்தச் சமூகத்துப் பிள்ளை என்று பார்க்காமல் செய்ய வேண்டும். அந்த மரத்தடியில் சாதி மதம் பார்த்து வெடிப்பதில்லை.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். என் கடையில் லைட்டர் அட்டையை இறக்கிவிட்டேன். அதைப் பெரிய தியாகமாகச் சொல்லவில்லை, கேட்டு வருகிறவர் பக்கத்துக் கடைக்குப் போகிறார், எனக்கு நஷ்டம்தான். ஆனால் பட்டாசு விஷயத்தில் ஒன்று சேராமல் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. நான் ஒருவன் பில் கேட்டால் ஏஜெண்டு சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். ஐம்பது கடை கேட்டால் எங்கே போவார்? அதனால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை கடைக்காரர்கள் தீபாவளி ஆர்டர் போடுவதற்கு முன்பே, ஆடி பிறப்பதற்குள், ஒரு முறை உட்கார வேண்டும். எந்த ஆலை, யார் பெயரில் லைசென்ஸ், அது டிஆர்ஓ லைசென்ஸா நாக்பூர் லைசென்ஸா, பெட்டியின் மேல் பசுமைப் பட்டாசு அடையாளம் இருக்கிறதா, பில் தருகிறார்களா, இந்த விவரத்தை ஒரே நோட்டில் எழுதி எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். நோட்டு என் கடையில் இருக்கும். வருகிறவர்கள் சென்ற வருடம் வாங்கிய பில்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். பில் இல்லாமல் வாங்கியவர்களும் வாருங்கள், முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் உங்களிடம் கேட்பேன்.